மகள் செய்த மழு

என் மகள் செண்பகத்துக்கு,

சுகம்தானா என்று கேட்டுத் தொடங்கினால் நீ சிரிப்பாய். நீ இன்னும் வீட்டை விட்டுப் புறப்படவே இல்லை. பின்கட்டில் உன் அம்மாவும் நீயும் போடும் சண்டை பட்டறை வரைக்கும் கேட்கிறது. நார்த்தங்காய் ஊறுகாய் பெட்டிக்குள் போக வேண்டும் என்று அவள், எண்ணெய் சேலையில் இறங்கிவிடும் என்று நீ. அவள்தான் ஜெயிப்பாள், வீணாக மல்லுக்கு நிற்காதே. மத்தியானம் துருத்தியை நிறுத்திவிட்டு, உலை ஆறுகிற நேரத்தில், நீ பள்ளிக்கூடத்தில் எழுதி மிச்சம் வைத்த நோட்டில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதி முடித்ததும் உன் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் வைத்துவிடுவேன். திருநெல்வேலியில் ரயில் ஏறி உட்கார்ந்த பிறகு பிரித்துப் படி. நாம் திருவிதாங்கூரோடு இருப்பதா மெட்ராஸோடு சேர்வதா என்று ஊரில் ஆளாளுக்குத் தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். நீ யாரையும் கேட்காமல் மெட்ராஸுக்கே பெட்டி கட்டிவிட்டாய்.

உடற்பயிற்சி ஆசிரியை படிப்புக்கு உனக்கு இடம் கிடைத்ததில் எனக்கு வந்த பெருமைக்குப் பூதப்பாண்டி போதவில்லை. அரிவாள் தீட்ட வருகிறவர்கள் இப்போதே என்னை ‘டிரில் டீச்சருக்க அப்பா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான் திரும்புவதும் இல்லை. ஆனால் அந்த இடம் கையை விட்டுப் போகப் பார்த்தது. நன்னடத்தைச் சான்றிதழ் இல்லாமல் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று அங்கிருந்து கடிதம் வந்தது. நாகர்கோவில் பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். பிறகு ஒருநாள் சான்றிதழ் தபாலில் வந்து இறங்கியது. டீச்சர் மனம் இரங்கிவிட்டார் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவர் அப்படி இரங்குகிற ஆள் இல்லை. நடந்தது என்ன என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். முதலில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மழுவுக்குக் கூர் வைத்தது நான். உனக்கு அது தெரியும். உனக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். மூன்று வருஷம் ஒரே பானைச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆண்டு விழாவுக்குப் பரசுராமர் நாடகம் என்று முடிவானபோது, வகுப்பிலேயே நீதான் உயரம் என்பதால் அந்த வேஷம் உனக்கு வந்தது. பெண்பிள்ளைக்குத் தாடியா என்று உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கோ தலைகால் புரியவில்லை. பரசுராமர் கோடாலியை, அதாவது மழுவை, கடலைப் பார்த்து எறிந்துதான் நம்முடைய இந்த மண்ணே வெளியே வந்தது என்று சொல்வார்கள். அந்த மழுவை என் மகள் எறியப்போகிறாள், அதை நான் அடிக்கப்போகிறேன். பெரிய டீச்சர் என்னைப் பள்ளிக்கூடத்துக்கே வரவழைத்து இரண்டு தடவை சொன்னார். “இரும்பா இருக்கட்டும், பாக்கதுக்கு நெஜம் மாதிரி இருக்கட்டும். ஆனா மொட்டையா இருக்கணும். கையை வச்சு அழுத்தித் தடவினாலும் கீறப்பிடாது, கேட்டீரா?” நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். விளிம்பை இரண்டு அரிசி தடிமனுக்கு விட்டு அடித்து, புளியங்கம்பில் பிடி போட்டு, பட்டறை வாசலில் தொங்கவிட்டேன். வருகிறவன் போகிறவன் எல்லாம் தடவிப் பார்த்தான். “என்னவே, இதுக்கு வாய் வைக்க மறந்துட்டீரா?” என்று கேட்டுச் சிரித்தான். எங்கள் தொழிலில் கூரான விளிம்பை வாய் என்று சொல்வோம். வெட்டாத ஒரு சாமானை அதுவரை நான் செய்ததே இல்லை. நாலு பேர் சிரித்ததும் எனக்கு முகம் சுண்டிப்போனது.

அது கன்னிப்பூ என்கிற முதல் போகத்து அறுவடை நேரம். தீட்டுவதற்கு அரிவாள் குவிந்து கிடந்தது. உங்கள் ஒத்திகைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒவ்வொன்றாக எடுத்துத் தீட்டிப் போட்டுக்கொண்டிருந்தேன். கை தன்பாட்டில் அடுத்ததை எடுத்தது, பார்த்தால் அது உனக்குக் கொடுக்க வாசலிலிருந்து இறக்கி வைத்திருந்த மழு. இந்த இடத்தோடு நிறுத்தினால் மறதி என்று ஆகிவிடும். எனக்கு நானே அப்படித்தான் வெகுநாள் சொல்லிக்கொண்டேன். அது பாதிப் பொய். இரண்டு இழுப்பிலேயே கையில் இருப்பது என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு மின்னியது. நாடகம் பார்க்க மற்ற ஊர்க் கொல்லர்களும் வருவார்களே, மொட்டை இரும்பைப் பார்த்து என்ன நினைப்பார்கள் என்று தோன்றியது. கொஞ்சம் கூர் இருந்தால்தான் என்ன, என் பிள்ளை கவனமான பிள்ளை என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எழுந்து போய் அரத்தை எடுத்து வந்து ராவினேன். பிறகு கல்லில் வைத்துத் தீட்டினேன். ஆசையாகத் தீட்டினேன் மக்கா. என் கையால் அத்தனை நல்ல கூர் அந்த வருஷம் வேறு எதற்கும் நான் வைக்கவில்லை.

மறுநாள் ஒத்திகையில் ராஜா வேஷம் கட்டியவள் உன் சிநேகிதி பிலோமினா, மணக்குடியிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவள். சண்டைக் காட்சியில் அவள் இடப்பக்கம் விலக வேண்டியவள் வலப்பக்கம் திரும்பிவிட்டாள். நீ வீசிய மழு அவள் கையைக் கிழித்துவிட்டது. மொட்டை இரும்பாக இருந்திருந்தால் கை கன்றிப்போயிருக்கும், அவ்வளவுதான். ஏழு தையல் போட்டார்கள். ஆள் அனுப்பி என்னை வரவழைத்தார்கள். நான் போனபோது பெரிய டீச்சர் மழுவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “இதுக்கு ஆரு கூர் வச்சது?” என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் மழுவின் ஓரத்தைப் பார்த்தேன். நீ அதற்குள், “நான்தான் டீச்சர். அப்பா மொட்டையாத்தான் தந்தாங்க. நான் பட்டறையில சும்மா தீட்டிப் பாத்தேன்” என்றாய். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சொன்னதைக் கேட்காமல் பிள்ளைகள் கையில் கூரான ஆயுதத்தைக் கொடுத்தவன் என்று பெயர் வந்தால் பட்டறைக்கு ஒருவரும் வரமாட்டார்கள் என்று நீ ஒரே நொடியில் கணக்குப் போட்டுவிட்டாய். டீச்சர் நடத்தைப் புத்தகத்தை எடுத்து, ஆயுதத்தைக் கூராக்கி உடன் படிப்பவளைக் காயப்படுத்தியவள் என்று உன் பெயருக்கு நேராக எழுதினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். வீட்டுக்கு வந்ததும் விஷயத்தைக் கேட்டு உன் அம்மா உன்னை அறைந்தாள். அதையும் வாங்கிக்கொண்டாய். அப்போதும் நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அந்த ‘நாளை’ மூன்று வருஷத்துக்கு நீண்டுவிட்டது.

மூன்றாம் நாள் காலையில் பிலோமினாவின் அப்பா சைக்கிளில் வந்து பட்டறை வாசலில் இறங்கினார். என்னை அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்வோம் என்றும் நினைத்தேன், சத்தியமாக. அவர் சைக்கிள் கேரியரில் கட்டியிருந்த ஒரு பழைய கட்டுமரத் துண்டை அவிழ்த்துக் கீழே போட்டார். மடியிலிருந்து ஒரு சிறு துணிமூட்டையை எடுத்து வைத்தார். அதில் வலையின் அடியில் கோக்கிற ஈயக்குண்டுகள் இருந்தன. “உங்க மவ கேட்டாளாம். பிலோமி சொல்லி விட்டா. கையில தையல் பிரிக்கல்ல, அதுக்குள்ள நான் செண்பகத்து கூடத்தான் நடிப்பேன்னு ஒரே பிடிவாதம். இதுகள வச்சிட்டு நாம என்னவே செய்ய?” என்று சிரித்தார். நான் கருப்பட்டிக் காப்பி கொடுத்தேன். உண்மையைக் கொடுக்கவில்லை.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, நீ முடங்கிக் கிடக்கவில்லை என்று. பெரிய டீச்சரிடம் போய், யாரையும் காயப்படுத்தாத மழு ஒன்றை நானே செய்து அதில் பழகிக் காட்டுகிறேன், ஒரு மாதம் தாருங்கள், உங்களுக்குத் திருப்தியானால் நாடகம் நடக்கட்டும் என்று கேட்டிருக்கிறாய். வேறு பிள்ளையாக இருந்தால் அந்தப் பள்ளிக்கூட வாசலை மிதிக்கவே கூசியிருக்கும். நீ பட்டறையில் வந்து உட்கார்ந்து என் உளியை எடுத்தாய். நான் கிண்டலாக, “முருங்கைக் கட்டையில ஒண்ணு செதுக்கித் தந்தா போதாதா? கனமே இருக்காது, ஒருத்தருக்கும் வலிக்காது” என்றேன். நீ நிமிர்ந்து பார்த்துச் சொன்ன பதில் எனக்கு நன்றாக ஓர்மையிருக்கிறது. “கனம் இல்லாததுல பழகினா கை பொய்யைத்தான் படிக்கும் அப்பா. பொறவு இரும்பைத் தூக்கும்போ கை தடுமாறும். அப்பம்தான் ஆபத்து.” இரும்போடு பிறந்து வளர்ந்த எனக்கு அது தோன்றியதே இல்லை.

கட்டுமர மரம் லேசானது, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும். அதில் மழுவின் தலையைச் செதுக்கினாய். கம்பியைப் பழுக்கக் காய்ச்சி உள்ளே துளை போட்டு, ஈயக்குண்டுகளைத் திணித்து, மேலே மரத்தக்கை அடித்து அரக்கு ஊற்றி மூடினாய். விளிம்பு இருக்க வேண்டிய இடத்தில் கயிற்றுப் பிரியைச் சுற்றி, அதன்மேல் இலவம்பஞ்சை வைத்துப் பழைய வேட்டித் துணியால் கட்டி, எல்லாவற்றுக்கும் மேலே சைக்கிள் டியூப்பை அறுத்து இழுத்துப் போர்த்தித் தைத்தாய். முதல் தடவை வீசியபோது தலை கழன்று பறந்து போய்த் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. பிடியிலும் தலையிலும் துளை போட்டு, தூண்டில் கயிற்றைக் கோத்து இறுக்கி, ஆப்பு பிடுங்கினாலும் தலை விலகாதபடி செய்துவிட்டுத்தான் சிரித்தாய். பிறகு இரண்டு மழுவையும் தோளில் போட்டுக்கொண்டு பலசரக்குக் கடைக்குப் போய்த் தராசில் ஒரு தட்டில் இரும்பையும் மறு தட்டில் உன்னுடையதையும் வைத்தாய். கடைக்காரர் இதென்ன கூத்து என்று பார்த்துக்கொண்டிருந்தார். முள் நேராக நிற்கும்வரை ஈயத்தைச் சேர்த்தாய், எடுத்தாய். அதோடும் விடவில்லை. கடைசிக் காட்சியில் மழு காற்றில் ஒரு சுற்றுச் சுற்றிப் போய்த் திரைக்குப் பின்னால் வைக்கோல் மூட்டையில் விழ வேண்டும். மொத்தக் கனம் ஒன்றாக இருந்தாலும், கனம் இருக்கிற இடம் மாறினால் சுற்றும் மாறிவிடும் என்று கண்டுபிடித்தாய். பிடியை விரலில் படுக்கவைத்து, எந்த இடத்தில் இரும்பு சாயாமல் நிற்கிறதோ அதே இடத்தில் உன்னுடையதும் நிற்கும்வரை மூன்று தடவை பிரித்துக் கட்டினாய். நான் இருபது வருஷத்துக்கு மேல் கோடாலி அடிக்கிறவன். கூச்சத்தோடு சொல்கிறேன், அந்த நாளெல்லாம் உன் பக்கத்தில் உட்கார்ந்து நான் படித்துக்கொண்டிருந்தேன்.

செய்து முடித்ததும் முதலில் உன் முழங்காலில் அடித்துப் பார்த்தாய். அப்புறம் கையில், தோளில். அப்புறம் என்னிடம் வந்து, “கையை நீட்டுங்க அப்பா” என்றாய். நீட்டினேன். நன்றாகவே ஓங்கி ஒரு போடு போட்டாய். “வலிக்கா? ஓரத்திலயா, நடுவிலயா?” என்று கேட்டாய். நடுவில் கொஞ்சம் வலித்தது. அதைவிட அதிகமாக வலித்தால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. பொய் சொல்லாமல் நடுவில் என்றேன். பிரித்து இன்னும் ஒரு பிடி பஞ்சு வைத்தாய். இனி நூறு பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறவளுக்கு நான் புத்தி சொல்ல என்ன இருக்கிறது? ஒன்றே ஒன்று. பிள்ளைகள் கையில் எதைக் கொடுத்தாலும் முதல் அடியை நீ வாங்கிப் பார்க்கிற அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதே. பெரிய டீச்சராகிப் பெரிய மேஜை வந்த பிறகும் விடாதே.

தையல் பிரித்ததும் பிலோமினா ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கு வந்தாள். உலையில் கிடந்த கரியைப் பொடித்து எண்ணெயில் குழைத்து, உன் மழுவின் ஓரத்தில் பூசினாய். அவளை வெள்ளைச் சட்டை போடச் சொன்னாய். எங்கே தொட்டாலும் கறுப்பு காட்டிக்கொடுத்துவிடும். முதல் நாள் அவள் அடுப்பங்கரையிலிருந்து எழுந்து வந்தவள் மாதிரி நின்றாள். “ஏட்டி, இது என்னைக் கொல்லதுக்கா, வெளுக்கப் போடதுக்கா?” என்று அவள் கேட்க, நீங்கள் இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். இரண்டாம் நாள் நாலு கறை. பிறகு இரண்டு. ஒருநாள் அவள் சட்டை போட்டபடியே வெள்ளையாக இருந்தது. அன்றைக்கு நீ இரும்பு மழுவையும் ஒரு அரத்தையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாய். “இதை மொட்டையாக்கித் தாங்க அப்பா” என்றாய். அவ்வளவுதான். அதில் குத்தலும் இல்லை, கோபமும் இல்லை. நான் வைத்த கூரை நானே ராவி எடுத்தேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து இடையிடையே உள்ளங்கையை வைத்து இழுத்துப் பார்த்தாய். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் அரத்தின் சத்தத்தில் ஒளிந்துகொண்டேன்.

நீங்கள் பழகியதைப் பார்த்துப் பெரிய டீச்சர் சம்மதித்தார், நாடகம் நன்றாக நடந்தது. பட்டப்பகலில், மரத்தடி மேடையில், பிலோமினாவின் தோளுக்கு நாலு விரல் தள்ளி அந்த மொட்டை இரும்பு மழு போனபோது கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டது. கடைசியில் நீ எறிந்தாய். ஒரே ஒரு சுற்று, வைக்கோலில் பொத்தென்று விழுந்தது. தாடி வைத்த என் மகளைப் பார்த்து நான் கைதட்டிய தட்டில் உள்ளங்கை எரிந்தது. பெரிய டீச்சரும் கைதட்டினார். ஆனால் எழுதியதை அடிக்கவில்லை. நான் சொல்லாமல் அவர் எப்படி அடிப்பார்?

இந்த வருஷம் நீ சான்றிதழ் கேட்கப் போய் வெறுங்கையோடு திரும்பி வந்தாய். “அடுத்த வாரம் தருவாங்களாம்” என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு, பின்கட்டில் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தாய். தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு விளங்கிவிட்டது. மறுநாள் காலையில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினேன். இரும்பு வாங்கப் போவதாகச் சொன்னேன், அது கடைசிப் பொய். பெரிய டீச்சர் முன்னால் நின்று, “அந்த மழுவுக்குக் கூர் வச்சது நான், டீச்சர். எம் மவ இல்ல” என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “மூணு வருஷம் எங்க போயிருந்தீரு?” என்றார். பிறகு அவரே சொன்னார். “பழக்கமில்லாத கைக்கு அந்த மாதிரிக் கூர் வராதுன்னு எனக்கு அண்ணைக்கே தெரியும். நேத்து உம்ம மவ வந்து நின்னப்போ கேட்டேன். உள்ளதச் சொல்லு, இப்பமே இதை அடிச்சிட்டுக் கையெழுத்துப் போட்டுத் தாரேன்னேன். ‘நான்தான் டீச்சர்’னு சொல்லிட்டுக் கும்பிட்டுட்டுப் போயிட்டா.”

அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து நான் அழுதேன் மக்கா. பதினைந்து வயதில் பயத்தில் சொன்ன பொய் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அதற்கு முந்தின நாள் உன் முன்னால் மெட்ராஸே கதவைத் திறந்து நின்றது, ஒரு வார்த்தை போதும், அப்போதும் நீ அப்பனை விட்டுக்கொடுக்கவில்லை. பிறகு டீச்சர் நடத்தைப் புத்தகத்தை என் பக்கம் திருப்பி, பேனாவையும் தந்தார். “உம்ம கையாலயே எழுதும். இனி வரப்போற டீச்சர்மாரும் வாசிப்பாங்க. சம்மதமா?” என்று கேட்டார். சம்மதம் என்றேன். ‘கூர் வைத்தது நான். என் மகள் குற்றம் செய்யவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அங்கிருந்து நேராக மணக்குடிக்குப் போனேன். பிலோமினாவின் அப்பா வலையைப் பின்னிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். “எம் பிள்ளைக்க கையில உள்ள வடு உம்ம சோலிதானா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, மறுபடி வலைக்குக் குனிந்தார். கிளம்பும்போது வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அது எனக்குக் கிடைக்க வேண்டியதுதான். உன்னிடம் நானே எழுதிச் சொல்லும்வரை பொறுத்துக்கொள் என்று கேட்டுக்கொண்டு, உன் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். உன்னை அறைந்த கையைப் பார்த்துக்கொண்டு அவள் அன்று சாப்பிடவில்லை. பட்டறைக்கு வருகிறவர்களிடமும் அப்படியே கேட்டுக்கொண்டு, நீ இல்லாத நேரம் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். மற்றவர்கள் வருகிறார்கள்.

உன்னைப் பெற்றதற்கு நான் என்ன தவம் செய்தேன் என்று எழுத ஆசைதான். எழுதினால், அதிலும் என்னையே புகழ்ந்துகொண்டது போல ஆகிவிடும். அதனால் ஒரு வேண்டுகோளோடு நிறுத்துகிறேன். நீ செய்தது பெரிய காரியம், ஆனால் இன்னொரு தடவை யாருக்காகவும் அதைச் செய்யாதே, எனக்காகவும்கூட. நாளைக்கு உன் வகுப்பிலும் ஒரு பிள்ளை நிமிர்ந்து நின்று, “நான்தான் டீச்சர்” என்று சொல்லும். அது பொய் என்று உனக்குத்தான் முதலில் தெரியும். அந்தப் பிள்ளையை ஒன்றும் கேட்காதே. அதன் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்கிற பெரிய ஆளைப் பார்த்துக் கேள். அவன் சொல்லும்வரை விடாதே.

உன் அப்பா